எலெக்ட்ரிக் ஷவர் சொட்டினால்: கேள்வி பதில்

சுவரில் பெட்டியாக மாட்டியிருக்கும், குளிர்ந்த நீரை வாங்கி ஓட ஓடச் சூடாக்கித் தரும் எலெக்ட்ரிக் ஷவரைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். கீசர் பற்றி வந்த ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். "ஷவர் சொட்டுது, என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எங்கிருந்து சொட்டுகிறது, எப்போது சொட்டுகிறது, மெயினை அணைத்தால் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பெட்டியைத் திறக்காமலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

கேள்வி: குளித்து முடித்து அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வால்வு போய்விட்டதா?

பதில்: இல்லை. ஷவர் ஹெட்டுக்குள்ளும் ஹோஸிலும் தேங்கிய நீர்தான் அது. துளைகள் சிறியவை என்பதால் நீர் உடனே இறங்காமல் நின்று, காற்று புகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விழும். சில மாடல்கள் ஹீட்டரை நிறுத்திய பிறகு, உள்ளிருக்கும் சூடு தணிய வேண்டும் என்று சில விநாடிகள் தண்ணீரை மட்டும் ஓடவிடும். அதுவும் கோளாறல்ல. சந்தேகம் தீரவில்லையா? குளித்து அரை மணி நேரம் கழித்து, காய்ந்த மக் ஒன்றைக் கீழே வையுங்கள். இன்னொரு அரை மணியில் அதில் தண்ணீர் சேர்ந்திருந்தால் மட்டும் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு மணிக்கணக்கில் சொட்டுகிறது சார். பார்க்க வந்தவர் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்.

பதில்: அவசரப்படாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். சொட்டு நின்றுவிட்டால், வால்வுக்கு எங்கிருந்தோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது: பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சர்க்யூட் போர்டு பழுதாகியிருக்கலாம். அது எலெக்ட்ரீஷியன் வேலை. அணைத்த பிறகும் சொட்டினால் சோலினாய்டு வால்வு (மின்சாரம் கொடுத்தால் திறக்கும் வால்வு) சரியாக மூடவில்லை.

இந்த வால்வுக்குள் ரப்பர் டயாஃப்ரம், அதாவது மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று உண்டு. அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே நீர் டயாஃப்ரத்தின் மேல்பக்கம் போய் நிரம்பி, குழாயின் அழுத்தத்தாலேயே அதை அமுக்கி வழியை அடைத்து வைக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் காயில் (மின்கம்பிச் சுருள்) ஒரு சிறு தண்டைத் தூக்கும். மேலே நின்ற நீர் வடிந்து, டயாஃப்ரம் எழும்பி வழிவிடும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம். டயாஃப்ரத்துக்கு அடியில் ஒரு மணல் துணுக்கு சிக்கினாலோ, ரப்பர் விறைத்துப்போனாலோ சொட்டும். அந்த நுண்துளை உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் சொட்டோடு நிற்காது, தாரையாகவே ஓடும். காயில் எரிந்துபோனால் தண்ணீரே வராது. ஆகவே சொட்டுக்குக் காயிலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் மாடலுக்குரிய வால்வு கிடைக்கிறதென்றால் முழு யூனிட்டை மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: அந்த வால்வை நானே மாற்றலாமா?

பதில்: மின்வேலை பழகியவர் என்றால் மாற்றலாம்; இல்லையென்றால் வேண்டாம். சில நாடுகளில் குளியலறை மின்வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8.5 கிலோவாட் ஷவர் 230 வோல்ட்டில் சுமார் 37 ஆம்பியர் இழுக்கிறது. விளக்குச் சுவிட்சைக் கழற்றுகிற அலட்சியம் இங்கே ஆகாது.

குளியலறைச் சுவிட்சை மட்டும் நம்பாமல் போர்டில் எம்சிபியையும் (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இறக்குங்கள், வேறு யாரும் ஏற்றிவிடாதபடி சொல்லி வையுங்கள். டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஷவர் டெர்மினலில் வையுங்கள். பிறகு மறுபடியும் அந்த வேறு இடத்தில் வையுங்கள். நடுவில் டெஸ்டரே செத்துப்போனால் "கரண்ட் இல்லை" என்றுதான் காட்டும். தண்ணீரை அடைத்து, ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு வால்வைக் கழற்றுங்கள். நீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வடிகட்டியைக் கழுவுங்கள். மணல்தான் காரணம் என்றால் புது வால்வு வாங்க வேண்டிய தேவைகூட இருக்காது. மாட்டியபின் முதலில் குளிர்நீர் நிலையில் வைத்து நன்றாக ஓடவிடுங்கள். ஹீட்டர் கலன் நிரம்பாமல் சூட்டைப் போட்டால் எலிமென்ட் எரிந்துபோகும்.

கேள்வி: முன்பு நேரடிக் குழாய் இணைப்பு, சொட்டவில்லை. மாடித் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் சொட்டுகிறது. அழுத்தம் குறைந்தால் சொட்டும் குறையத்தானே வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: டயாஃப்ரத்தை அமுக்கி மூடுவதே நீரின் அழுத்தம்தான். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் கிடைக்கும். தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார். கொஞ்சம் விறைத்த ரப்பரை அழுத்தி உட்கார வைக்க அந்த விசை போதாது. யூனிட்டின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்னவென்று போட்டிருக்கும். அதற்குக் கீழே இருந்தால் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் தொல்லை தீராது. அதற்கேற்ற பம்ப் வைக்க வேண்டும், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஷவரை வாங்க வேண்டும்.

கேள்வி: ஹெட்டில் சொட்டவில்லை, பெட்டிக்கு அடியில் ஒழுகுகிறது. போன வாரம்தான் நிறுத்துப் பொத்தான் வைத்த புது ஹேண்ட் ஷவர் மாட்டினேன்.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்த ஷவர்களில் நீர் வெளியேறும் பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஓடும்போது அந்தப் பக்கத்தை அடைத்தால் அழுத்தம் ஏறி, கலன் வெடிக்காமலிருக்க வைத்திருக்கும் அழுத்த விடுவிப்பான் திறந்துகொள்ளும். நீர் அடியில் வந்துவிடும். துளைகள் உப்பில் அடைபட்டாலும், ஹோஸ் மடங்கினாலும் இதே கதைதான். பல மாடல்களில் அது ஒருமுறை திறந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஹேண்ட் ஷவரைக் கழற்றாமல் அதை மட்டும் மாற்றினால் மறுபடியும் திறக்கும்.

அடியில் ஒழுகுகிறது என்று எழுதிய மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு. வால்வுக்கு முன்னால் இருக்கும் இணைப்புகளில் எந்நேரமும் அழுத்தம் உண்டு. பின்னால் இருப்பவற்றில் ஷவர் ஓடும்போது மட்டும்தான். ஆகவே இரவும் பகலும் ஒழுகினால் நீர் நுழையும் இணைப்பைப் பாருங்கள். குளிக்கும்போது மட்டும் ஒழுகினால் விடுவிப்பான், கலன், வெளியேறும் இணைப்பு. கலனே விரிசல் விட்டிருந்தால், பழைய யூனிட் என்றால், நான் மாற்றத்தான் சொல்வேன். எதுவானாலும் பெட்டிக்குள் ஈரம் இருக்கும்வரை மின்சாரம் போடாதீர்கள்.

கேள்வி: அடியில் ஒழுகிய துளையை எபாக்ஸி வைத்து அடைத்துவிட்டேன். இப்போது ஒழுகவில்லை.

பதில்: இன்றே மெயினை அணையுங்கள். நீங்கள் அடைத்தது ஒழுகலை அல்ல, பாதுகாப்பை. அடுத்த முறை அழுத்தம் ஏறினால் கலன்தான் பிளக்கும். யூனிட்டை ஆள் பார்த்துச் சரிசெய்யும்வரை பயன்படுத்தவே வேண்டாம்.

கேள்வி: ஹோஸ் இணைப்பில் கசிகிறது. டெஃப்லான் டேப் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

பதில்: ஒரு சுற்றும் வேண்டாம். அங்கே நீரைத் தடுப்பது மரையல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். புது வாஷர் போட்டுக் கையால் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை உடையும்.

கேள்வி: அணைத்து ஒரு மணி நேரம் ஆகியும் சொட்டு சுடச்சுட விழுகிறது.

பதில்: அணைத்தவுடன் கொஞ்ச நேரம் வெந்நீர் சொட்டுவது இயல்பு. ஒரு மணி நேரம் கழித்தும் சுட்டால் எலிமென்ட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எம்சிபியை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதை வீட்டில் நோண்டாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது 15 லிட்டர் கீசர். சூடேறும்போது மட்டும் சேஃப்டி வால்வில் சொட்டுகிறது.

பதில்: சூடேறினால் நீர் விரியும். 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் 15 லிட்டருக்குக் கால் லிட்டர் அளவுக்கு விரியும். திரும்பிப் போக வழியில்லாததால் வால்வில் வடிகிறது. சூடேறி முடிந்தபின் நின்றால் கவலை இல்லை. கீசர் குளிர்ந்திருக்கும்போதும் சொட்டினால் வால்வில் குப்பை இருக்கிறது, அல்லது குழாய் அழுத்தம் மிகை.

கேள்வி: சொட்டுகிற ஷவர் ஹெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. எர்த் இல்லாததாலா?

பதில்: காரணத்தைப் பிறகு பார்க்கலாம், குளிப்பதை நிறுத்துங்கள். எர்த் சரியாக இருந்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்திருந்தால் இந்த அளவுக்கு வரும் முன்பே பெரும்பாலும் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும். எலிமென்ட்டில் கசிவு, எர்த்தில் கோளாறு என இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வால்வு வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை?

பதில்: ஷவருக்குப் போகும் குழாயில் தனி வால்வு இருந்தால் குளித்து முடித்து, மின்சாரத்தை அணைத்தபின் அதை மூடிவையுங்கள். குளிக்கும் முன் முதலில் அதை முழுதாகத் திறங்கள், பிறகு மின்சாரம். பாதி திறந்து வைத்து ஓட்டினால் நீர் குறைந்து சூடு எகிறும். தனி வால்வு இல்லையா? புது சோலினாய்டு மாட்டும் நாளிலேயே ஒன்று போடச் சொல்லிவிடுங்கள்.