வயல் வாடியில் நிற்கும் பழைய ஜீப்புக்கு அலாரமும் ஜிபிஎஸ்ஸும் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பழைய டீசல் ஃபோர்வீல் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் வயலுக்கு ஓடுகிறது, வேளாண்மைக் காலத்தில் பல இரவுகள் வாடியடியிலேயே, அதாவது வயல் குடிசையடியிலேயே, நிற்கும், அலாரமும் ஜிபிஎஸ்ஸும் பூட்டினால் போதுமா. போதாது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு செலவழிக்கும் வரிசையில் அவை பின்னால்தான் வரும்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்பவன். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஓடும் ஜீப்பும் ட்ரக்டரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் டவுனுக்குச் சரியாக வரும் யோசனை வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஏன் சரிவராது என்று அடிக்கடி பார்க்கக் கிடைக்கிறது.

அலாரத்தைக் கேட்க ஆள் வேண்டும். உங்கள் வாடியிலிருந்து அடுத்த வீடு எவ்வளவு தூரம்? அதோடு மாடு வந்து உரசினாலும் அது அலறும், இடி முழங்கினாலும் அலறும். நாலைந்து இரவு அப்படி அலறிய பிறகு பக்கத்து வாடிக்காரர்கூடப் புரண்டு படுத்துவிடுவார். ஜிபிஎஸ்ஸுக்குப் போன் சிக்னல் வேண்டும். அது இருக்கும் இடத்தைச் செய்மதியிலிருந்து எடுத்துக்கொண்டாலும், உங்களுக்குச் சொல்வது போன் கோபுரம் வழியாகத்தான். சிக்னல் இல்லாத காட்டோரத்தில் தரவைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்த பிறகு அனுப்பும். அதற்குள் வாகனம் எங்கேயோ. ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, ஆளும் இல்லாமல் சிக்னலும் இல்லாமல் நடு இரவில் எது தன்பாட்டில் வேலை செய்யும் என்பதைத்தான்.

அதற்கு உங்கள் எஞ்சின் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். திறப்பை (சாவியை) திருப்பியதும் நிற்கிறதா, அல்லது டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழை இழுத்து நிறுத்துகிறீர்களா? டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால் குமிழ் இழுக்கும் வகைப் பழைய எஞ்சின்களுக்குக் கரண்ட் தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற மட்டுமே. குளக்கட்டுச் சரிவில் இரண்டு பேர் தள்ளி, கியரைப் போட்டு க்ளட்சை விட்டால் திறப்பும் வேண்டாம், பட்டரியும் வேண்டாம், அது பற்றிக்கொண்டு ஓடும். இந்த வகைக்கு எத்தனை ரகசிய ஸ்விட்ச் போட்டாலும் வீண்தான். டாங்கிலிருந்து வரும் டீசல் குழாயில், கண்ணில் படாத இடத்தில், ஒரு பித்தளை வால்வு போடுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு மூடுங்கள், ஸ்டார்ட் பண்ண முன் திறவுங்கள். மூடியிருக்கும்போது யாராவது ஸ்டார்ட் பண்ணினால் ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் டீசலில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும். குழாய்க்குள் காற்று ஏறிவிட்டால், அந்தக் காற்றை வெளியே எடுக்காமல் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இருட்டில், அவசரத்தில், அந்த வேலைக்கு யாரும் நிற்கமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் வால்வு போடாதீர்கள். டீசலுக்கும் சூட்டுக்கும் தாங்காது, காற்றும் கசியும், பிறகு ஒவ்வொரு காலையும் நீங்கள்தான் காற்று எடுத்துக்கொண்டு நிற்பீர்கள்.

திறப்பில் நிற்கும் வகை என்றால் பம்பில் பெரும்பாலும் ஒரு சொலினொய்ட், அதாவது கரண்டில் வேலை செய்யும் வால்வு, இருக்கும். கரண்ட் வந்தால் டீசலை விடும், கரண்ட் நின்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழியை அடைத்துவிடும். இங்கே ரகசிய ஸ்விட்ச் உதவும். ஆனால் பொனெட்டைத் திறந்து, பட்டரியிலிருந்து சொலினொய்டுக்கு ஒரு வயரை நேராகக் கொடுத்தால் உங்கள் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய தேவையே இல்லை. தெரிந்தவனுக்கு அது ஒரு நிமிட வேலை. ஆகவே ஸ்விட்ச்சோடு சேர்த்து அந்தச் சொலினொய்டின் தலைக்கு ஒரு இரும்பு மூடியும் தேவை. வெளிநாடுகளில் லாண்ட் ரோவர் டிஃபென்டர் ஜீப்புக்கு இதை ஆயத்தமாகவே விற்கிறார்கள். இங்கே நல்ல லேத் கடையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். பொனெட்டுக்கும் உள்ளிருந்து ஒரு பூட்டு. பழைய ஜீப்பில் பொனெட் கிளிப்பை வெளியிலிருந்தே கழற்றலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஸ்டார்ட்டரைத் தூண்டும் மெல்லிய வயரிலும் ஒரு ஸ்விட்ச் வைக்கலாம், அது இரண்டாவது தடை. ஆனால் கடையில் தொங்கும் சிவப்புத் திறப்புப் பட்டரி கட்ஓஃப் இருக்கிறதே, அதை நம்ப வேண்டாம். அந்த மலிவு வகையில் ஒன்றின் சிவப்புத் திறப்பு பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும். பட்டரியைக் காப்பாற்றவும் வயர் எரியாமல் இருக்கவும் அது நல்லது, பூட்டு என்று நினைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பியும் விடாதீர்கள், ஆல்டர்நேட்டர் எரிய வாய்ப்பு உண்டு.

ஸ்விட்ச் எந்த இடத்தில் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை நான் பொதுவில் எழுதமாட்டேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, நீர் புகாத நல்ல ஸ்விட்ச்சாக வாங்குங்கள். வாவிக் காற்றும் வயல் சேறும் சேர்ந்து மலிவு ஸ்விட்ச்சின் உள்ளே பச்சை பிடிக்க வைத்துவிடும். மற்றது, ஆசனத்தில் இருந்தபடியே, தலையைக் குனியாமல், ஒரு கையால் எட்டும் இடமாக இருக்கட்டும். உங்கள் பக்கம் யானை வரும். ஜீப்புக்கு அடியில் படுத்து வால்வைத் தேடும் நேரமாக அது இருக்கக்கூடாது. வால்வு போடுவதாக இருந்தால் அதையும் உள்ளேயே, ஆசனத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

இனி, ஃபோர்வீல் வாகனத்துக்கு மட்டும் உரிய ஓட்டை ஒன்று. அதைப் பலர் கவனிப்பதில்லை. கியர் லொக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். காரில் அது சரி. பெரும்பாலான பழைய ஜீப்பில் பக்கத்தில் இன்னொரு சின்னக் கியர் இருக்கிறது, ஃபோர்வீல் போடும் கியர். அதை நியூட்ரலுக்குத் தள்ளினால் பெரிய கியர் எதில் பூட்டியிருந்தாலும் சில்லுகள் சும்மா சுற்றும். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, ட்ரக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அறுவடைக் காலத்தில் இரவில் ட்ரக்டர் ஒன்று எதையோ இழுத்துக்கொண்டு போனால் யார் மறித்துக் கேட்பார்கள்? ஆகவே பூட்டுவதானால் இரண்டு கியரையும் பூட்ட வேண்டும். வெல்டிங் கடையில் இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கவ்வி ஒன்று செய்வித்தால் போதும், ஒரே பூட்டில் முடியும். ஸ்டியரிங் வளையத்தில் மாட்டும் தடி வேண்டாம். வளையத்தையே அறுத்துவிட்டுத் தடியைக் கழற்றி எறியலாம்.

சங்கிலி போட்டு மரத்தில் கட்டுவது பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. சங்கிலி செஸியை, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தை, சுற்றிப் போக வேண்டும், பம்பரைச் சுற்றி இல்லை. நிலத்தில் கிடக்க விடாதீர்கள், நிலத்தில் ஊன்றி வெட்டுவது லேசு. பட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்த பிறகு எந்தச் சங்கிலியும் நேரத்தைத்தான் வாங்கித் தரும் என்பது உண்மை. அந்த நேரமும் ஒரு காசுதான்.

ட்ரெயில் பைக் (காட்டுப் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதை இரண்டு பேர் தூக்கி ட்ரெய்லரில் வைத்துவிடலாம் என்பதால் சங்கிலி தவிர வேறு வழி கிடையாது. சில்லில் போடாமல் பைக்கின் ஃபிரேமில் போடுங்கள்.

பெட்ரோல் ஜீப் என்றால் வேலை இன்னும் லேசு. தீப்பொறிக்குக் கரண்டைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கும் சின்ன ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். 1940 இல் ஜெர்மன் படை வந்திறங்கிவிடும் என்று பயந்த பிரித்தானியாவில் நிறுத்திய வாகனத்தை ஓட முடியாதபடி ஆக்கிவிட்டுப் போகச் சட்டமே போட்டார்கள், பலர் செய்தது இதைத்தான். மாரியில் சேற்றில் புதைந்து ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு வர நேர்ந்தால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

புதிய திறப்பில்லா ஸ்டார்ட் வாகனங்களின் கதை வேறு, அதற்கு வேறு கேள்வி போடுங்கள். உங்களுடையதில் அந்தத் தலையிடி இல்லை.

முழு வாகனமும் போவதைவிடத் துண்டு துண்டாகப் போவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. ஸ்பேர் டயர், பட்டரி, கூரையில் பூட்டிய லைட், டாங்கில் இருக்கும் டீசல். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டவர்கள் பலர், நிலைமை சரியானதும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். மட் டயர் ஒரு சோடி என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு சில்லிலும் தனிச் சாவியில்லாமல் கழலாத லொக் நட் ஒன்று போடுங்கள். பட்டரியை மேலிருந்து பிடிக்கும் தகட்டை சாதாரண ஸ்பானர் ஏறாத தலையுள்ள போல்டில் இறுக்குங்கள். பழைய டிஃபென்டரின் கதவுக் கீல் போல்டுகள் வெளியிலேயே தெரியும், கதவையே கழற்றிக்கொண்டு போகலாம். அதற்கும் அந்த மாதிரிப் போல்டுதான்.

சரி, ஜிபிஎஸ். போடுங்கள், ஆனால் உள்ளே தனிப் பட்டரி இருக்கும் கருவியாக. களவெடுக்கிறவன் முதலில் கை வைப்பது வாகனத்தின் பட்டரி வயரில். எஞ்சினைப் போனிலிருந்து நிறுத்தும் வசதியை நான் பூட்டிக் கொடுப்பதில்லை. ஓடும் வாகனம் நடுவழியில் திடீரென நின்றால் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம், அதற்குப் போடும் மலிவு ரிலே ஸ்விட்ச் பழுதாகி நீங்களே காட்டோரம் நிற்பது இன்னொரு பக்கம். ஏர்டேக் போன்ற, இடம் காட்டும் சின்ன வில்லைகள் பக்கத்தில் போகும் மற்றவர்களின் போன்களை நம்பியிருப்பவை. புல்லுமலைக் காட்டில் அது ஊமை, செங்கலடிச் சந்திக்கு வந்தால் பேசத் தொடங்கும். கூடவே, தெரியாத வில்லை ஒன்று உங்களோடு வருகிறது என்று களவெடுத்தவனின் போனுக்கும் அது சொல்லிவிடலாம், மறக்க வேண்டாம்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் ஜீப் எங்கே நிற்கிறது, யார் படுக்கிறார், எந்த நாள் நீங்கள் கோயில் திருவிழாவுக்குப் போவீர்கள் என்பதெல்லாம் தெரிந்த கண் இல்லாமல் வெளியாள் வட்டைக்குள் வரமாட்டான். உங்கள் வேலையாட்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஸ்விட்ச்சை யார் முன்னாலும் தட்டாதீர்கள், வயரிங் செய்பவனைத் தவிர ஒருவருக்கும் தெரிய வேண்டாம். அந்த வயரிங்காரனையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், நான் உட்பட.

பேப்பர் விஷயத்தில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். ஜீப் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே, ஓபன் பேப்பரில் (பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட மாற்றப் படிவம் மட்டும் கையில்) இருக்கிறதென்றால் அதை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை இந்தக் கிழமையே தொடங்குங்கள். காணாமல் போனால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் முதல் கேள்வி அதுதான். பதிவுப் புத்தகத்தை டாஷ்போர்டுப் பெட்டியில் வைக்காதீர்கள். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள், கூடவே உங்களுக்கு மட்டும் தெரியும் ஓர் அடையாளத்தைச் செஸியின் உட்புறம் பொறித்து அதையும் படம் எடுங்கள். இலக்கத்தை அழித்து, உடைந்த வேறொரு ஜீப்பின் இலக்கத்தை அடித்து விற்பது இந்த நாட்டில் புதிதல்ல. அப்போது உங்களுக்குச் சாட்சி சொல்லப் போவது அந்த ரகசியப் பொறிப்புத்தான்.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் களவுக்கு ஒரு சதமும் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றாலும் எந்தப் பெறுமதிக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய ஜீப்புகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள், விலை பழையபடி இறங்கி வரவில்லை. பழைய பெறுமதியிலேயே வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வந்தால் கிடைக்கும் காசில் பாதி ஜீப்கூட வாங்க முடியாது.

அப்படியும் போய்விட்டால் முதலில் பொலிஸ் அவசர இலக்கமான 119, பிறகு அருகில் உள்ள பொலிஸ் நிலையம். நேரம் கடத்த வேண்டாம், ஏனென்றால் நம் பக்கத்தில் வெளியேறும் முக்கிய வழிகள் கொஞ்சம்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வர வலையிறவுப் பாலம், 2014 இல் திறந்த மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம். மேற்கே போவதானால் மகா ஓயா வழியாகப் பதுளை வீதி, வடக்கே வெலிக்கந்தை வழி அல்லது வாகரை வழி. இதை முறைப்பாட்டில் நீங்களே சொல்லி, எந்தத் திசையில் டயர் அடையாளம் போகிறது என்று பார்த்து வைத்தால் அவர்களுக்கும் வேலை லேசு.

உங்கள் ஜீப் குமிழ் இழுத்து நிற்பதா, திறப்பில் நிற்பதா என்று கேள்வியில் இல்லை. பார்த்துவிட்டு எஞ்சின் மொடலோடு எழுதுங்கள், வால்வா ஸ்விட்ச்சா என்று சொல்கிறேன்.