மெர்லயன் தேசியச் சின்னமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரின் தேசிய தினம் வரும் ஆகஸ்ட் நெருங்கினாலே, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயனைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன், பள்ளித் திட்டவேலையில் தேசியச் சின்னங்களோடு மெர்லயனையும் வரைந்திருக்கிறான். சரிதானே? (ஈசூன் வாசகி)

சட்டப்படி சரியில்லை. ஆனால் பையனைத் திட்ட வேண்டாம், பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2022இல் நாடாளுமன்றம் தேசியச் சின்னங்களுக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதில் கொடி, தேசிய கீதம், சிங்கமும் புலியும் தாங்கி நிற்கும் அரசுச் சின்னம், அரசு முத்திரை, பற்றுறுதி எனப்படும் தேசிய உறுதிமொழி, தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், சிங்கத்தலைச் சின்னம் ஆகியவை இருக்கின்றன. மெர்லயன் இல்லை. குழப்பம் பெரும்பாலும் சிங்கத்தலையால்தான் வருகிறது. அரசுச் சின்னத்தைப் பொதுமக்கள் பயன்படுத்தக் கட்டுப்பாடு இருந்ததால், நாட்டுப்பற்றைக் காட்ட எளிதாக ஏதாவது வேண்டும் என்று 1986இல் அறிமுகமானது அது. சிவப்பு நிறத்தில் வெறும் தலை மட்டும்தான், வால் கிடையாது. பிடரியில் ஐந்து பிரிவுகள் இருக்கும், கொடியிலுள்ள ஐந்து நட்சத்திரங்கள் குறிக்கும் அதே ஐந்து இலட்சியங்களுக்காக. மகனிடம் சிங்கத்தலையை வரையச் சொல்லுங்கள். மெர்லயனை அழிக்க மனமில்லை என்றால், பக்கத்தில் ‘சுற்றுலாச் சின்னம்’ என்று எழுதிவிடலாம்.

சாங் நீல உத்தமா கண்ட விலங்குதான் மெர்லயன் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். அது எந்தக் காலத்துக் கதை?

சாங் நீல உத்தமா கதை பழையது. பலெம்பாங் இளவரசரான அவர், சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக்கில் கரையேறியபோது விசித்திரமான ஒரு விலங்கைக் கண்டார், அது சிங்கம் என்று சொல்லக் கேட்டு ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயர் வைத்தார் என்று ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. இந்த வட்டாரக் காடுகளில் சிங்கம் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கதையில் எந்த விலங்குக்கும் மீன்வால் இல்லை.

மீன்வால் 1964இல் வந்தது. அப்போதைய பயணத்துறை வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. வரைந்து கொடுத்தவர் அலெக் ஃபிரேசர்-புரூனர். அவர் வான் கிளீஃப் மீன்காட்சியகத்தின் காப்பாளர், மீன்களை ஆராய்ந்த அறிவியலாளர். அப்படிப்பட்டவர் வரைந்தால் வால் எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை! தலை சிங்கபுரத்துக்கு, வால் கடலோரத் தெமாசெக்குக்கு என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். 1966இல் அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். ஆக, நாம் ‘தொன்மம்’ என்று நினைப்பது சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்பு பிறந்தது. நம் தாத்தா பாட்டிகள் பலர் அதைவிட மூத்தவர்கள்.

சிலை அதற்கும் பிறகுதான். குவான் சாய் கியோங் வடிவமைக்க, சிற்பி லிம் நாங் செங் 1971 நவம்பரில் வேலையைத் தொடங்கினார். உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன், செலவு சுமார் 1,65,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சிமெண்டில் வடித்த உடம்பின் மேல் போர்த்தியிருப்பது பீங்கான் தட்டுகள். கண்கள் இரண்டும் சிவப்பு நிறச் சிறிய தேநீர்க் கிண்ணங்கள். அடுத்த முறை போகும்போது தண்ணீர் பீய்ச்சும் வாயையே படம் எடுத்துக்கொண்டிருக்காமல், கொஞ்சம் நிமிர்ந்து கண்ணைப் பாருங்கள். 1972 செப்டம்பர் 15 அன்று பிரதமர் லீ குவான் இயூ அதைத் திறந்து வைத்தார்.

என் கருத்தைக் கேட்டால், மெர்லயன் பழங்கதை இல்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது எந்த மன்னரையும் போரையும் கொண்டாட வந்த சிலை இல்லை, நினைவுப்பொருளிலும் விளம்பரத்திலும் போட வந்த படம். அதைத் தேசியச் சின்னமாக நினைக்கத் தொடங்கியது மக்கள்தான்.

நம் கோயில் யாளியைப் பார்த்துச் செய்ததா? (தேக்கா வாசகர்)

இல்லை. தூணில் நிற்கும் யாளிக்குச் சிங்க முகம் இருக்கும், பெரும்பாலும் துதிக்கையும் இருக்கும். மீன்வால் வேண்டுமென்றால், கோயில் சிற்பங்களில் வரும் மகரம் என்ற கற்பனை நீர்விலங்கிடம் போக வேண்டும். சாயலில் சொந்தம் கொண்டாடலாம், தவறில்லை. ஆனால் ஃபிரேசர்-புரூனர் கோயில் தூணைப் பார்த்து வரைந்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது.

எண்பதுகளில் அப்பாவோடு எடுத்த படத்தில் மெர்லயன் வேறு இடத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. இடம் மாறியதா, என் கண்தான் ஏமாற்றுகிறதா?

மாறித்தான் இருக்கிறது. முதலில் அது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்திலேயே, கடலைப் பார்த்தபடி நின்றது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் கட்டி முடிந்ததும் சிலை பாலத்துக்குப் பின்னால் போய்விட்டது. வருகிறவர்களை வரவேற்க வைத்த சிங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் பாலத்தின் முதுகுதான். போதாக்குறைக்கு 1998இல் நீரேற்றும் பம்ப் வேறு பழுதாகி, வாய் வறண்டு நின்றது. பயணத்துறைக் கழகம் மெர்லயனைத் தன் அதிகாரபூர்வச் சின்னமாகப் பயன்படுத்துவதை நிறுத்தியதும் அதே 1997இல்தான். அதற்கு அவ்வளவு நல்ல வருடம் இல்லை.

அப்புறம் 2002 ஏப்ரல் 23 முதல் 25 வரை, பாரந்தூக்கிகளால் தூக்கி, மிதவையில் ஏற்றி, 120 மீட்டர் தள்ளி இப்போதைய ஒன் ஃபுல்லர்ட்டன் பக்கம் கொண்டு வந்தார்கள். செலவு 75 லட்சம் வெள்ளி. சிலையைச் செய்ய ஆனதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். முப்பது வருட விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் கணிசமான தொகைதான். வெறும் விளம்பரப் படத்துக்கு யாரும் அவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். அதற்குள் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. பழைய தேதியான செப்டம்பர் 15 அன்றே, லீ குவான் இயூ அதை மீண்டும் திறந்து வைத்தார். பின்னால் நிற்கும் 2 மீட்டர் உயரக் குட்டி மெர்லயனும் கூடவே வந்தது.

இன்னொன்று: உங்கள் படத்தில் இருப்பது உப்புத் தண்ணீர். கடல்நீரைத் தடுக்கும் மெரினா அணைக்கட்டு 2008இல் திறந்த பிறகு அந்த நீர்ப்பரப்பு நன்னீர்த் தேக்கமாகிவிட்டது.

இடி விழுந்தது உண்மையா?

உண்மை. 2009 பிப்ரவரி 28 மாலை மின்னல் தாக்கித் தலையில் ஓட்டை விழுந்தது. மார்ச் நடுவில் சரிசெய்துவிட்டார்கள்.

செந்தோசாத் தீவில் இருந்த பெரிய மெர்லயன் எங்கே போனது?

இடித்துவிட்டார்கள். 37 மீட்டர் உயரம், உள்ளே ஏறி வாய் வழியாக எட்டிப் பார்க்கலாம். 2019 அக்டோபரில் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது சென்சரிஸ்கேப் நடைபாதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். எனக்கு அந்தச் சிலை பிடித்ததே இல்லை.

எங்கள் புளோக் பக்கத்தில், அங் மோ கியோ அவென்யூ 1இல், இரண்டு மெர்லயன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏதாவது வரலாறு உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த மெர்லயன்கள் அவை. அரசாங்கம் வைத்தவை இல்லை, 1998இல் அந்த வட்டாரக் குடியிருப்பாளர் குழு வைத்தவை. மெர்லயன் வடிவத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பயணத்துறைக் கழகத்தின் அனுமதி வேண்டும். இங்கே அனுமதி வாங்காமலே வைத்துவிட்டார்கள். பிரச்சினை கிளம்பியும் சிலைகள் பிழைத்துக்கொண்டன. மெர்லயனை மக்கள்தான் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல சாட்சி இல்லை. இதே காரணத்தால், டி-சட்டையில் மெர்லயன் அச்சடித்து விற்கலாமா என்று கேட்ட சகோதரருக்கும் பதில்: முதலில் கழகத்திடம் அனுமதி கேளுங்கள்.

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வருகிறார்கள். மெர்லயனைக் காட்டிவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டியதுதானா?

வேண்டாம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டியில் இறங்கி ஃபுல்லர்ட்டன் வழியாக நடங்கள். அந்த முகத்துவாரத்தில்தான் ஒரு காலத்தில் ஐம்பது வரி எழுத்துகளோடு பெரிய பாறை ஒன்று நின்றது. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமித்த முடிவுக்கு யாரும் இன்னும் வரவில்லை. உண்மையான பழம்பொருளை உடைத்துவிட்டு, நூற்றிருபது வருடம் கழித்துப் புதிதாக ஒரு சின்னத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம்!

மெர்லயனிடம் படம் எடுத்த பிறகு, 2015இல் திறந்த ஜூபிளி பாலத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போய், எஸ்பிளனேட் பூங்காவுக்குள் நுழையுங்கள். அங்கே இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுக் குறிப்பு இருக்கிறது. 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அங்கே அடிக்கல் நாட்டினார். கட்டி முடித்த சின்னத்தைச் செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். 1995இல்தான் அந்த இடத்தில் குறிப்பு வைத்தார்கள். அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். மாமா ஊரில் நேதாஜியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்றால், மெர்லயனைவிட இங்கேதான் அதிக நேரம் நிற்பார். வெயில் தாழ ஐந்தரைக்கு மேல் கிளம்புங்கள், குடை மறக்க வேண்டாம்.