கையில் தண்ணீர் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அம்மா பிறவிக் கத்தோலிக்கர். அப்பா இந்து, சங்கு குளிக்கப் போனவர். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிவந்து, பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே வாங்களேன் என்றால், "பார்க்கலாம்" என்பார். போன வருஷம் அவராகவே சாமியாரிடம் போய்த் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், கேட்டார். அந்தோனி என்று பெயர்கூட எடுத்து வைத்துவிட்டார். உபதேசியாரிடம் வாரம் இரண்டு நாள் படித்தார். ஈஸ்டர் இரவில் கொடுப்பதாக இருந்தது. மாசியில் நெஞ்சுவலி வந்தது. 108 வண்டியில் ராமநாதபுரம் கொண்டுபோனோம். உச்சிப்புளி தாண்டும்போது தண்ணீர் கேட்டார். பாட்டில் மூடியில் ஊற்றி உதட்டை நனைத்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டார்.

என் தம்பி ஐந்து வருஷமாக வேறொரு சபைக்குப் போகிறான். கடலில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவன். "அப்பா ஆயுசு முழுக்கக் கடலில் முங்கினார், எடுக்க வேண்டிய முழுக்கை எடுக்கவில்லை, அவர் இரட்சிக்கப்படவில்லை" என்று அம்மா காதுபடச் சொல்லிவிட்டான். அம்மா குழந்தையில் வாங்கியதும் செல்லாதாம், அவரும் தண்ணீரில் இறங்க வேண்டுமாம். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இதற்கிடையில், ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. திருமுழுக்கு இல்லாமல் மீட்பு உண்டா, இல்லையா? அப்பா கல்லறையில் எந்தப் பெயரைப் போடுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தம்பி சொன்னதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பாட்டில். உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

சிஸ்டர் சொன்னது சரி. உயிர் போகும் நேரத்தில் யாரும் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணத்தோடு, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றினால் போதும். எங்கள் அப்பத்தா மருத்துவச்சி. மூச்சுத் திணறிப் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் கை ஊற்றியிருக்கிறது. கடல் தண்ணீர் செல்லும், இளநீர் செல்லாது என்பார். சின்னப் பிள்ளையில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பின்னால் படித்தபோது, அப்பத்தா சொன்னது கோயில் சட்டப்படியும் சரிதான் என்று தெரிந்தது.

ஆகவே, தெரிந்திருந்தால் நீங்கள் கொடுத்திருக்கலாம். அப்பா வாய்விட்டுக் கேட்டு வைத்திருந்தவர், அதனால் அது முறையான திருமுழுக்காகவே இருந்திருக்கும். இதை மழுப்பி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. ஆனால் தெரியாமல் செய்யாமல் விட்டது குற்றமாகாது. நீங்கள் ஊற்றாததால் அப்பா வெளியே நிறுத்தப்பட்டார் என்று உங்கள் சபையே சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக்காட்டுங்கள்.

392-ஆம் ஆண்டில் ரோமைப் பேரரசன் இரண்டாம் வலந்தீனியன் செத்துப்போனான். வயது இருபதை ஒட்டி. மிலான் நகர ஆயர் அம்புரோசியாரை, வந்து எனக்குத் திருமுழுக்குக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தான். அவர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்தில் அவனுடைய சகோதரிகள் அழுதது கூடப்பிறந்தவன் செத்ததற்காக மட்டுமில்லை, திருமுழுக்கு வாங்காமல் செத்தானே என்றும்தான். உங்கள் வீட்டில் நடப்பது அப்படியே. அம்புரோசியார் அந்தப் பெண்களைப் பார்த்துப் பேசியதன் சாரம் இது: நம் கையில் இருப்பது விரும்புவதும் கேட்பதும்தானே, அவன் கேட்டான், கேட்டதனாலேயே பெற்றுக்கொண்டான். தண்ணீரும் சடங்கும் இல்லாமல் இரத்தம் சிந்திய வேதசாட்சிகள் தங்கள் இரத்தத்தாலேயே கழுவப்பட்டார்கள் என்றால், இவனை இவனுடைய பக்தி கழுவியிருக்காதா என்றும் கேட்டார்.

இந்த அம்புரோசியாரின் கதையே வேடிக்கை. 374-இல் ஊர்ஜனம் கூடி அவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் திருமுழுக்கே வாங்கியிருக்கவில்லை. உங்கள் அப்பா மாதிரி, ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர். அவசர அவசரமாகத் திருமுழுக்குக் கொடுத்து, ஒரு வாரத்தில் ஆயராக்கினார்கள். வாசலில் நிற்பவரின் மனசு அவருக்குத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

அவர் பேசியதுதான் பிறகு கத்தோலிக்கப் படிப்பினையாக நிலைத்தது. ஆசையால் பெறும் திருமுழுக்கு என்பார்கள். திருமுழுக்கு அவசியம் என்பதில் உங்கள் திருச்சபை வளைந்துகொடுத்ததே இல்லை. 1547-இல் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் அடித்துச் சொன்னது, இன்றைக்கும் அதுதான். ஆனால் அந்த அவசியம் யாரைக் கட்டுகிறது என்பதில்தான் விஷயம். 1992-இல் வந்த மறைக்கல்வி ஏடு, கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் அதனால் பிணைக்கப்பட்டவர் அல்ல என்று சொல்கிறது. வள்ளத்தை முளையில் கட்டுகிறோம், கடலையா கட்டுகிறோம்? திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்கள் கேட்ட அந்த நிமிஷமே திருச்சபையோடு சேர்ந்துவிட்டார்கள், அந்தத் தாய் தன் பிள்ளைகளாகவே அவர்களை அணைத்துக்கொள்கிறாள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதியது. இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அடக்கச் சடங்கில் அவர்களை விசுவாசிகளாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் விதியே இருக்கிறது. உங்கள் அப்பா உபதேசியார் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த அன்றைக்கே அந்தக் கணக்கில் வந்துவிட்டார்.

சரி, தம்பி. அவர் காட்டுகிற வசனங்களை நாம் தட்டிக்கழிக்க முடியாது. "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான்" என்று யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். பேதுருவின் நிருபமும் ஞானஸ்நானம் இரட்சிக்கிறது என்றே பேசுகிறது. பதிலுக்கு எல்லாரும் நல்ல கள்ளனைக் காட்டுவார்கள்: இயேசுவோடு சிலுவையில் தொங்கியவனுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றாரே என்று. தம்பி விவரமானவர் என்றால், அது உயிர்த்தெழுதலுக்கு முன்னால் நடந்தது, ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்ன கட்டளை அதற்குப் பிறகுதான் வந்தது என்பார். நியாயமான பதில்தான். அதனால் கள்ளனை விடுங்கள், கொர்நேலியுவிடம் போங்கள்.

அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரம். பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ரோமைப் படைத்தலைவன் வீட்டார்மேல் ஆவியானவர் இறங்கிவிடுகிறார். தண்ணீர் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆவி வந்துவிட்டதே, தண்ணீர் எதற்கு என்று பேதுரு விட்டுவிடவும் இல்லை, கொடுக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கடவுள் தண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. மனிதர்கள் அதைச் சாக்காக வைத்துத் தண்ணீரைத் தள்ளவும் இல்லை. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்கிற மாற்கு வசனத்திலும் பின்பாதியை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை, விசுவாசியாதவன் என்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. தம்பி தன் பாஸ்டரிடமே போய்க் கேட்கட்டும். பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் பாப்டிஸ்ட் சபைகளும் சொல்வது, இரட்சிப்பு விசுவாசத்தால் வருகிறது, ஞானஸ்நானம் கீழ்ப்படிதல், ஊரறியச் சொல்லும் சாட்சி என்பதுதான். கிறிஸ்துவின் சபை போன்ற சில சபைகள் மட்டுமே முழுகினால்தான் பாவமன்னிப்பு என்று அழுத்திச் சொல்கின்றன. இரட்சணிய சேனை என்று பெயரிலேயே இரட்சிப்பை வைத்திருப்பவர்கள் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. லூத்தரன்காரர்கள் அவசியம் என்று 1530-லேயே அறிக்கை எழுதியவர்கள். ஆனால் அவர்கள் வழிக்கு முதல்வரான லூத்தரே 1542-இல், பிள்ளை கலைந்துபோன தாய்மாருக்கு உங்கள் ஏக்கமே ஜெபம் என்கிற தோரணையில் ஆறுதல் எழுதினார். ஆக, உங்கள் அப்பாவை நரகத்தில் தள்ளும் துணிச்சல் தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அநேகமாக அது துக்கம். அப்பா சாகும்போது பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் சில சமயம் இப்படித்தான் பேசுவார்கள். அவர் பக்கத்தில் இருந்தாரா? நீங்கள் எழுதவில்லை.

அம்மாவைத் தண்ணீரில் இறக்குவது பற்றி. கத்தோலிக்க முறைப்படி திருமுழுக்கு ஒருமுறைதான், திரும்ப எடுக்க முடியாது. தம்பியின் சபை குழந்தைக்குக் கொடுத்ததைக் கணக்கில் எடுக்காது. இந்த வழக்கு பல நூறு வருஷமாக நடக்கிறது; உங்கள் வீட்டுத் திண்ணையில் தீரப்போவதில்லை. ஆனால் புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணை, பயத்தைக் காட்டித் தண்ணீருக்கு இழுப்பதை எந்தச் சபையும் ஒப்பாது. அம்மாவுக்கே விருப்பம் வந்தால் அது வேறு பேச்சு. அதுவரை சோற்றுத்தட்டு முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லுங்கள். அக்கா சொன்னால் கேட்பார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நம் கடற்கரையையே கொஞ்சம் குற்றம் சொல்ல வேண்டும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதம் எழுதினவர். பின்னால் ஜப்பானுக்குப் போனபோது, புதிதாக மனம் திரும்பியவர்கள் அவரிடம் எங்கள் அப்பா, பாட்டன்மார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நரகத்தில், மீட்க வழியில்லை என்றார் அவர். அவர்கள் அழுதார்கள், அதைப் பார்த்து எனக்கும் வேதனையாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதரிடம் அன்றைக்கு வேறு பதில் இல்லை. எங்கள் அப்பத்தாவுக்கும் இல்லை. அவருடைய தலைச்சன் பிள்ளை செத்தே பிறந்தது. ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றியவருக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஊற்ற முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை, சுவருக்கு வெளியே புதைத்தார்கள். சகல ஆன்மாக்கள் திருநாளில் உள்ளே எல்லாருக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சுவருக்கு வெளியே போய் ஒன்று ஏற்றுவார். காற்றில் நிற்காது. முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான ஆதாரம் உண்டு என ரோமில் இறையியலாளர் குழு எழுதி, பாப்பரசர் ஒப்புதலோடு வெளியிட்டது 2007-இல். அப்பத்தா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். சவேரியாரிடம் இல்லாத பதில் இன்றைக்கு இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதை யாராவது சரியான நேரத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் "பார்க்கலாம்" பற்றியும் ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருஷம் தள்ளிப்போட்டாரே, அது அலட்சியம்தானே என்று தம்பி கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருவாடானைப் பக்கம் ஓரியூர் செம்மண்ணை நீங்களும் எடுத்துவந்திருப்பீர்கள். வேதம் போதிக்க வந்த அருளானந்தர் அங்கே 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி வெட்டுப்பட்டதற்கு ஒரு ஞானஸ்நானம்தான் காரணம். அதை வாங்கிய தடியத்தேவர் அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுக்காரப் பெண். வினை அங்கே தொடங்கியது. இந்த மண்ணில் திருமுழுக்கு என்பது சொந்தபந்தம், குலசாமி, நல்லது கெட்டது எல்லாவற்றையும் அசைத்துப் பார்க்கிற காரியமாகவே இருந்திருக்கிறது. குடிக்கு முழுக்குப் போட்டுவிட்டான் என்கிறோமே, ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் கிட்டத்தட்ட அந்த அர்த்தம்தான்: பழையதைப் புதைத்துவிட்டு எழுந்திருப்பது. அதன் கனம் தெரிந்தவர் வேப்பமரத்தடியில் நின்று யோசிப்பார். தெரியாதவர் மறுநாளே வாங்கிக்கொள்வார்.

கடைசியாகக் கல்லறை. திருமுழுக்குப் பதிவேட்டில் அந்தோனி என்ற பெயர் ஏறவில்லை என்பது உண்மை. அதனால் அப்பாவின் சொந்தப் பெயரை மேலே பெரிதாகப் போடுங்கள். ஊர் அவரை அந்தப் பெயரில்தான் அறியும், சாமியாரிடம் போய்க் கேட்டதும் அந்தப் பெயர்க்காரர்தான். அதன் கீழே, "அந்தோனி என்ற பெயரை விரும்பிக் கேட்டவர்" என்று ஒரு வரி. கல்லுக்குச் சொல்லும் முன் பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாசியில் வருஷத்துப் பூசைக்கும் அப்போதே பெயர் கொடுத்துவிடலாம். கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்பார், அந்த வரி நீளம்தான். பாதியைத் தம்பியிடம் கேளுங்கள்.