ஆலி பாலி பற்றிக் கேட்டீர்கள்: அலெக்ஸாண்ட்ரா பேலஸ் கேள்வி பதில்

வடக்கு லண்டனில் குன்றின் மேல் நிற்கும் அலெக்ஸாண்ட்ரா பேலஸைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். உட்கிரீன் பக்கம் குடியிருக்கிறேன். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அதன் ஆன்டெனா கம்பம்தான் தெரியும். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் செல்லமாக ‘ஆலி பாலி’ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

சார், பேலஸ் என்கிறார்களே, அதில் எந்த ராஜா இருந்தார்?

ஒருவரும் இல்லை. 1851-இல் ஹைட் பார்க்கில் நடந்த பெரிய கண்காட்சிக்குக் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பிரித்துக் கொண்டுபோய்த் தெற்கு லண்டனில் மறுபடி நிறுத்தினார்கள் அல்லவா, அதைப் பார்த்து வடக்கு லண்டன்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. உழைக்கிற சனங்கள் ஞாயிறு, விடுமுறையில் காற்று வாங்க, பாட்டுக் கேட்க, பொருட்காட்சி பார்க்க ஓர் இடம். ‘மக்கள் மாளிகை’ என்பதுதான் முதல் யோசனை. 1863-இல் பூங்கா திறந்தபோது விக்டோரியா ராணியின் மகன் இளவரசர் எட்வர்டுக்கும் டென்மார்க்கின் அலெக்ஸாண்ட்ராவுக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. புது மருமகள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம், கட்டடமே பழைய சாமான்தான். 1862-இல் தென் கென்சிங்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியின் மண்டபத்தை இடித்தபோது அந்தப் பொருள்களை வாங்கி வந்து இதைக் கட்டினார்கள். நம் ஊரில் பழைய வீட்டு நிலைக்கதவு, தேக்கு உத்திரம் வாங்கி வந்து புது வீடு கட்டுவதில்லையா, அதே கதை.

திறந்த கொஞ்ச நாளிலேயே எரிந்துபோனதாமே, உண்மையா?

உண்மை. 1873 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று திறந்தார்கள். ஜூன் 9 அன்று எரிந்துவிட்டது. வெறும் 16 நாள். குவிமாடத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்களின் கணப்புச் சட்டியிலிருந்து விழுந்த தணல்தான் காரணம் என்கிறார்கள். ஊழியர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். உள்ளே காட்சிக்கு வைத்திருந்த பீங்கான் சேகரிப்பில் ஆயிரக்கணக்கான உருப்படிகளும் போயின.

ஆனால் அந்த 16 நாளில் வந்த கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கைப் பார்த்த முதலாளிகள் சும்மா இருப்பார்களா? இரண்டே வருடத்துக்குள் மறுபடி கட்டி 1875 மே 1 அன்று திறந்துவிட்டார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது அந்த இரண்டாவது மாளிகைதான். பரப்பு ஏழரை ஏக்கர், அதைச் சுற்றி 196 ஏக்கர் பூங்கா.

அண்ணா, இத்தனை பெரிய இடம் லாபத்தில் ஓடியதா?

நல்ல கேள்வி. ஓடவே இல்லை. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. குதிரைப் பந்தயம், பலூன் ஏற்றம், பாராசூட் குதிப்பு, நாடகம், வில்லிஸ் கம்பெனி செய்த பிரம்மாண்டக் குழாய் ஆர்கனில் கச்சேரி என்று எதையெல்லாமோ வைத்துப் பார்த்தார்கள். கூட்டம் வரும், காசு மிஞ்சாது. அடிக்கடி பூட்டிப் போட்டார்கள். நிலத்தைக் கூறுபோட்டு வீடு கட்ட விற்றுவிடுவார்கள் என்ற நிலை வந்தபோதுதான் 1900-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இடம் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் என்றென்றைக்கும் பொதுமக்களுக்கு.

என் கருத்து, இந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதில் ஜெயித்ததே இல்லை. வேறு யாராவது வேறு எதற்காவது வாடகைக்குக் கேட்டபோதெல்லாம் பிழைத்துக்கொண்டது. கீழே வரும் பதில்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் உலகப் போரில் சிறை முகாமாக இருந்ததாகப் படித்தேன். போர்க் கைதிகளா?

சிப்பாய்கள் இல்லை, சாதாரண ஆட்கள். 1914-இல் முதலில் பெல்ஜிய அகதிகள் தங்கினார்கள். 1915 முதல் ஜெர்மன், ஆஸ்திரியக் குடிமக்களை அடைத்து வைத்தார்கள், ஒரே சமயத்தில் 3,000 பேர் வரை. பல வருடமாக லண்டனிலேயே முடிதிருத்தியும் ரொட்டி சுட்டும் ஓட்டலில் பரிமாறியும் பிழைத்தவர்கள் பலர். சிலருக்கு மனைவி ஆங்கிலேயப் பெண். அரசாங்கமே வேண்டாம் என்கிற அராஜகவாதக் கொள்கை எழுத்தாளர் ருடால்ஃப் ராக்கரும் அங்கே இருந்தார். கச்சேரி கேட்கக் கட்டிய மண்டபத்தில் வரிசை வரிசையாகப் பலகைக் கட்டில்.

டெலிவிஷன் அங்கேதான் பிறந்தது என்கிறார்களே?

‘பிறந்தது’ என்றால் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் சோதனை ஒளிபரப்பெல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. தெளிவான படத்தோடு பொதுமக்களுக்கான முறையான சேவை என்றால், ஆம், இங்கேதான். 1935-இல் பிபிசி கிழக்குப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. குன்றின் மேல் உயரமான இடம், கம்பம் நட்டால் 25 மைல் தூரத்துக்காவது அலை போகும். 1936 நவம்பர் 2 அன்று தொடங்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஒரே சேவைக்கு இரண்டு தொழில்நுட்பம். பேர்டு கம்பெனியின் 240 கோடு ஒரு வாரம், மார்க்கோனி-இஎம்ஐ கம்பெனியின் 405 கோடு அடுத்த வாரம் (படத்தை எத்தனை கோடாகப் பிரித்து அனுப்புகிறார்கள் என்ற கணக்கு; கோடு கூடினால் படம் தெளிவு). யார் முதலில் என்று காசு சுண்டிப் பார்த்தார்கள், பேர்டு ஜெயித்தது. அதனால் தொடக்க விழாவையே இரண்டு தடவை நடத்தினார்கள், ஒவ்வொரு கருவிக்கும் ஒருமுறை!

பேர்டு முறையில் கேமராவை நகர்த்த முடியாது. நிகழ்ச்சியைப் பிலிமில் பிடித்து, ஸ்டூடியோவிலேயே ஒரு நிமிடத்துக்குள் கழுவி, ஈரத்தோடு ஓட்டி ஒளிபரப்புவார்கள். கழுவுகிற ரசாயனத்தில் சயனைடு வேறு. இன்னொரு அறையில் அறிவிப்பாளர் இருட்டில் உட்கார, ஓடுகிற ஒளிப்புள்ளி ஒன்று முகத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஸ்டூடியோவில் இஎம்ஐ கேமராக்கள் பாட்டுக்கு உருண்டு போய் வந்தன. 1937 தொடக்கத்தில் பேர்டு முறையைக் கைவிட்டார்கள். என்னிடம் கேட்டிருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பேன்.

போர் வந்ததும் 1939 செப்டம்பர் 1 அன்று ஒளிபரப்பை நிறுத்தினார்கள். சும்மா நின்ற கம்பத்தை ஜெர்மன் விமானங்களின் வழிகாட்டும் ரேடியோ அலையைக் குழப்பப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1946 ஜூன் 7 அன்று மறுபடி படம் வந்தது.

அப்படியானால் பிபிசி தமிழோசையும் அங்கிருந்துதானா?

இல்லை. அது வானொலி, மத்திய லண்டனில் புஷ் ஹவுஸ் என்ற கட்டடத்திலிருந்து வந்தது.

1980 தீ விபத்து பற்றிச் சொல்லுங்களேன்.

பொறுப்பு உள்ளூர் நிர்வாகமான ஹாரிங்கே கவுன்சிலின் கைக்கு வந்தது அந்த வருடம் ஜனவரியில். ஜூலை 10 அன்று, ஜாஸ் இசை விழா நடந்துகொண்டிருந்தபோது, பெரிய மண்டபத்தில் தீப்பிடித்தது. கட்டடத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. பிபிசி இருந்த மூலையும் பாம் கோர்ட் என்கிற பனை முற்றமும் தப்பின. 1988-இல் திரும்பத் திறந்தார்கள். கட்டிய செலவு மதிப்பீட்டைத் தாண்டி, கடன் விவகாரம் பல வருடம் இழுத்தது. அது தனிக் கதை, கணக்குப் பிள்ளைகள் எழுத வேண்டியது.

நாடக அரங்கைப் பார்க்கத் தனியாகப் போகலாமா?

அவசியம் போங்கள். 1875-இல் கட்டிய அரங்கு. பிறகு சினிமா, தேவாலயம், பிபிசியின் சாமான் கிடங்கு என்று ஆகி, 80 வருடத்துக்கு மேல் பார்வையாளரே இல்லாமல் கிடந்து, 2018 டிசம்பரில் திறந்தது. புதுப் பெயின்ட் அடித்துக் கெடுக்கவில்லை. உதிர்ந்த சுண்ணாம்பு, மங்கிப்போன பூ வேலை, தெரிகிற செங்கல் எல்லாவற்றையும் இனிமேல் உதிராதபடி பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கூரையை அண்ணாந்து பாருங்கள், ஒரு பக்கம் மலர்ச்சரம் அழகாக ஓடி வந்து சட்டென்று வெறும் பலகையில் நின்றுவிடும். மேடைக்குக் கீழே நடிகர்களை ஏற்றி இறக்கிய மர இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன.

பையன் டார்ட்ஸ் போட்டிக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறான். அமைதியான விளையாட்டுதானே?

(சிரித்துவிட்டேன்.) பலகையில் சின்ன அம்பு எறிகிற இந்த டார்ட்ஸ் ஆட்டத்தின் உலகச் சாம்பியன்ஷிப் 2007 முடிவிலிருந்து இங்கேதான். பாதிக் கூட்டம் வாழைப்பழ வேஷம், போப்பாண்டவர் வேஷம் போட்டு வரும். காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். அமைதி வேண்டுமானால் ஜனவரியில் மாஸ்டர்ஸ் ஸ்னூக்கர் நடக்கும், அதற்கு வாங்குங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மேடு ஏற வேண்டியிருக்குமா?

ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் நல்ல ஏற்றம், வேண்டாம். உட்கிரீனில் டபிள்யூ3 பஸ் ஏறினால் வாசலிலேயே இறக்கிவிடும். தெற்கு மாடத்தில் பெஞ்சு இருக்கிறது, உட்கார வைத்தால் லண்டன் முழுக்கத் தெரியும். காரில் வருவதாக இருந்தால் ஹைகேட் முருகன் கோயிலும் கிட்டத்தில்தான். காலையில் கோயில், மத்தியானம் இங்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சால்வை எடுத்து வாருங்கள், மேலே எப்போதும் காற்று.