ஒரு வருடமாக ஹவோர்தியா வளரவே இல்லை, எவ்வளவு பெரிதாகும்?

கவலைப்படாதீர்கள், அது இயல்புதான். வெள்ளை வரிகள் உள்ள ஹவோர்தியா தென்னாப்பிரிக்கச் செடி. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 15 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட வராது. அதற்கே சில வருடங்கள் ஆகும். உயரத்தைப் பார்க்காமல் பக்கக் கன்றுகளைப் பாருங்கள்: தாய்ச்செடியைச் சுற்றி அவை முளைத்துத்தான் தொட்டி நிறையும்.

சென்னைக் கோடையில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வளரவில்லையே என்று அப்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகிவிடும். நான் அப்படித்தான் ஒன்றை இழந்தேன். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

அப்புறம், இலைகள் திடீரென்று மெலிந்து நீண்டால் அது வளர்ச்சி இல்லை, வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். கிழக்கு ஜன்னலோரம் மாற்றி வையுங்கள்.