‘லிம்’ என்ற வினையின் பொருள்

கேள்வி: ஒரு நாவலாசிரியர் தம் ஊரை ‘லிம்’ செய்திருக்கிறார் என்று ஆங்கில நூல் மதிப்புரை ஒன்றில் படித்தேன். எல், ஐ, எம், என் என்று எழுதப்படும் இந்த வினைக்கு அகராதியில் ‘விவரி’ என்று இருக்கிறது. அதற்கு மேலும் பொருள் உண்டா?
– வாசகி, ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: ‘விவரி’ என்பது பிழையன்று, ஆனால் அதோடு நிறுத்தினால் சொல்லின் உயிர் போய்விடும். ஒளியைக் குறிக்கும் ‘லூமென்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்து, தேய்ந்து குறுகி, இன்றைய வடிவம் பெற்றது. கடைசி ‘என்’ எழுத்தில் நிற்கிறது, ஒலிப்பில் இல்லை. தோல் சுவடிகளின் முதலெழுத்தையும் ஓரங்களையும் பொன்னாலும் வண்ணத்தாலும் அணிசெய்வதையே இவ்வினை முதலில் குறித்தது. பின்னர் சிற்றோவியம் வரைவதற்கும், அதன்பின் சொல்லால் வரைந்து காட்டுவதற்கும் ஆகிவந்தது.

முதலாம் எலிசபெத் அரசியின் ஓவியரான நிக்கோலஸ் ஹில்லியர்டு, 1600ஐ ஒட்டி இக்கலையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சீட்டாட்ட அட்டையில் ஒட்டிய மெல்லிய தோலின்மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் முகங்களை வரைந்தவர் அவர். பூசிய பொன்பொடியைக் கீரி போன்ற சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றும் முறையையும் அதில் சொல்லியிருக்கிறார். ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றால் முகலாயச் சிற்றோவியங்களின் முன் சற்றுத் தலையைச் சாய்த்துப் பாருங்கள்: மங்கலாகத் தெரிந்த ஓர் ஆடையின் கரை சட்டென்று மின்னும். அந்த மின்னலைத்தான் இச்சொல் தன் வேரில் வைத்திருக்கிறது.

1993இல் நோபல் ஏற்புரையில் அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன், பேசுவோர், படிப்போர், எழுதுவோர் ஆகியோரின் வாழ்க்கையை மொழி என்ன செய்கிறது என்று சொல்ல இந்த வினையைத்தான் எடுத்தாண்டார்.

தமிழில் இதற்கு நிகர் தேடி அலைய வேண்டியதில்லை. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்ற குறளில் (1285) எழுதுவது எழுத்தை அன்று, கண்ணுக்கு மையை. வரைவதும் எழுதுவதும் நமக்கு ஒரே வினையாக இருந்த காலம் அது. இன்றைய வழக்கில் ‘எழுது’ அந்தப் பொருளை ஏறக்குறைய இழந்துவிட்டதால், நான் ‘தீட்டு’ என்பதையே தேர்வேன். மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், அரிசியைத் தீட்டி வெண்மையாக்குகிறோம். வண்ணமும் மெருகும் இந்த ஒரு சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. நீங்கள் படித்த வரியை, ‘தம் ஊரைச் சொற்களால் தீட்டியிருக்கிறார்’ என்று தயங்காமல் தமிழாக்கலாம்.