பண்ணை கைமாறிவிட்டது: பின்னால் இருக்கும் அரசு நிலத்துக்கு இனி எப்படிப் போவது?

கேள்வி: நான் கொலராடோவில், டென்வர் புறநகரில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டது. அலுவலக நண்பர் ஒருவர் பழக்கிவிட்டதில் ஆறு வருடமாக அக்டோபரில் மோஃபட் கவுண்டிக்கு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகிறேன். கிரேக் ஊருக்கு மேற்கே ஒரு பெரியவருடைய மாட்டுப் பண்ணை இருந்தது. அதன் மண்பாதை வழியாகத்தான் பின்னால் இருக்கும் பி.எல்.எம். நிலத்துக்கு, அதாவது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலத்துக்குப் போவோம். வாய்வார்த்தை அனுமதிதான். போன வருடம் அவர் பண்ணையை விற்றுவிட்டார். புது உரிமையாளர் ஒரு வேட்டை நிறுவனத்துக்கு லீசுக்கு விட்டிருக்கிறார், கேட்டில் பூட்டு. கைப்பேசியின் நில வரைபடச் செயலியில் பார்த்தால் அந்த அரசு நிலம் இன்னொரு அரசு நிலத்தை ஒரு மூலையில் மட்டும் தொடுகிறது. அந்த மூலை வழியாகத் தாண்டிப் போகலாமா? இத்தனை வருடம் போன பாதையை அடைக்க அவருக்கு உரிமை உண்டா? இரண்டும் இல்லையென்றால் இந்த சீசனுக்கு எங்கே போவது? எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவரும் எங்களோடு வர ஆசைப்படுகிறார், அதில் சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதன் பதில் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் அதை முடித்துவிடலாம்.

தனியார் நிலத்தின் குறுக்கே போகும் பாதையை மக்கள் 20 வருடம் தடையில்லாமல், உரிமையாளரின் தயவில் அல்லாமல் தங்கள் உரிமை போலவே பயன்படுத்தி வந்திருந்தால், அது பொதுப் பாதை ஆகிவிடும் என்று கொலராடோ சட்டம் சொல்கிறது. உங்களுக்கு ஆறு வருடம்தான். அது கிடக்கட்டும், பெரியவரிடம் கேட்டுவிட்டுப் போனீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய சிக்கல். அனுமதி பெற்று நடந்த பாதையில் எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை பிறக்காது. நம் ஊர் வண்டிப்பாதை வழக்குகளில் கிழவர்கள் வந்து “எங்க தாத்தா காலத்துல இருந்து இதுலதான் போறோம்” என்று சாட்சி சொல்வார்களே, அதே கணக்குத்தான் இங்கும். “கேட்டுட்டுத்தான் போனோம்” என்று சொன்ன நொடியில் வழக்கு முடிந்தது. பெரியவரோடு உங்களுக்கு இருந்தது உறவு. நிலம் விற்றபோது அது பத்திரத்தில் ஏறவில்லை.

ஆனால் உங்கள் வரலாறு வேறு, பாதையின் வரலாறு வேறு. நீங்கள் வருவதற்கு 60 வருடம் முன்பே அது கவுண்டிச் சாலையாக இருந்திருக்கலாம். சீசனுக்கு முன்பு ஒரு வேலைநாளில் கிரேக்குக்குப் போங்கள். கவுண்டியின் சாலை அலுவலகத்தில், கவுண்டி பராமரிக்கும் சாலைகளின் வரைபடத்தைக் கேளுங்கள். எரிபொருள் வரிப் பணத்தில் கவுண்டிக்கு வரும் பங்கு சாலை மைல் கணக்கைப் பொறுத்தது என்பதால் அந்த வரைபடத்தைப் பெரும்பாலும் ஒழுங்காக வைத்திருப்பார்கள். அடுத்து பத்திரப் பதிவு அலுவலகத்தில், அந்த நிலத்தின் மீது வழிப்பாதை உரிமை ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பது போலத்தான். மூன்றாவதாக, அதே ஊரில் பி.எல்.எம்.மின் கள அலுவலகம் இருக்கிறது. அந்த நிலத்துக்குத் துறையிடம் பதிவான பாதை உரிமை உண்டா என்று நேரே கேளுங்கள். இந்த மாதிரிப் பழைய உரிமைகள் பல காகிதக் கோப்பிலேயே முடங்கிக் கிடந்தன. அவற்றை எண்ணிம வரைபடமாக்கி வெளியிட வேண்டும் என்று 2022-ல்தான் சட்டமே வந்தது. ஆகவே செயலியில் கோடு இல்லை என்பதால் பாதையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு இடத்தில் இரண்டு சீசன் ‘அத்துமீறாதே’ பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவன். மூன்றாவது வருடம் கவுண்டி வரைபடத்தைப் பார்த்தால், அந்தப் பலகைக்கு அப்பாலும் முக்கால் மைல் தூரம் பொதுச் சாலை! யாரோ தன் பலகையைப் பொதுச் சாலை ஓரத்தில் நட்டுவைத்திருக்கிறார்கள். எல்லாப் பலகையும் பொய் என்று சொல்லவில்லை. பலகை நட எந்த அலுவலகத்தின் ஒப்புதலும் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இனி மூலை விவகாரம். போன சில வருடங்களில் மேற்கு மாநில வேட்டைக்காரர்கள் இதைப்போல் வேறு எதையும் பேசியதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1862-ல் தொடங்கி, கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை போட்ட நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு பணத்துக்குப் பதில் நிலம் கொடுத்தது. பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று ரயில் நிறுவனத்துக்கு, மீதி அரசுக்கு. வரைபடத்தில் பார்த்தால் அசல் சதுரங்கப் பலகை. ரயில் நிறுவனம் விற்ற கட்டங்கள் பண்ணையாயின. அரசுக் கட்டங்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றன. வயோமிங்கில் எல்க் மவுண்டன் என்ற மலையை வளைத்து இப்படி ஒரு பண்ணை, சுமார் 22,000 ஏக்கர். 2020-ல் மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் மூலையில் நட்டிருந்த கம்பத்தைப் பிடித்துச் சுழன்று மறுபக்க அரசு நிலத்தில் குதித்தார்கள். 2021-ல் இரும்பு ஏணி ஒன்றைச் செய்து கொண்டுவந்து, தனியார் மண்ணில் ஒரு கால்கூடப் படாமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் என்று குற்ற வழக்கு வந்தது, 2022-ல் ஜூரி விடுவித்தது. உரிமையாளரின் நிறுவனம் சிவில் வழக்கும் போட்டது. மண்ணுக்கு மேலே இருக்கும் காற்றும் எங்களுடையது, அவர்களுடைய தோள் எங்கள் காற்றில் நுழைந்தது என்பதுதான் வாதம். கேட்ட இழப்பீடு 70 லட்சம் டாலருக்கு மேல். சிரிப்பு வரும். ஆனால் அந்த மூலைகள் அடைபட்டிருக்கும்வரை, நடுவில் சிக்கிய அரசு நிலம் முழுவதும் பண்ணையாருக்கு விலையில்லாமல் கிடைத்த தனி வேட்டைக்காடு. அதற்குத்தான் அந்த விலை.

2023-ல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றன. கைகொடுத்தது 1885-ம் வருடச் சட்டம் ஒன்று. பொது நிலத்தை வேலி போட்டு வளைத்துக்கொண்ட மாட்டுப் பண்ணை முதலாளிகளை அடக்க அன்றைக்கு எழுதியது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டதால் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. பத்தாவது வட்டத்தில் கொலராடோவும் உண்டு. அதில் இருக்கும் மற்ற மாநிலங்கள் வயோமிங், யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா. மொன்டானா அதில் இல்லை. அங்கே அதிகாரிகள் இன்னும் மூலை தாண்டுவதைச் சட்டவிரோதம் என்றுதான் சொல்கிறார்கள், அங்கே போய் முயற்சி செய்துவிடாதீர்கள்.

அப்படியானால் நீங்கள் தாண்டலாமா? சட்டம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகும் அளவுக்கு இல்லை. அந்தத் தீர்ப்பு ரயில்வே சதுரங்கக் கட்டத்தையும் மத்திய அரசு நிலத்தையும் வைத்து எழுதப்பட்டது. உங்கள் மூலை ரயில்வே கட்டத்தில் வந்ததல்ல. தொடும் இரண்டு துண்டும் மத்திய அரசு நிலம்தானா, அல்லது ஒன்று மாநில அறக்கட்டளை நிலமா, அதாவது மாநில அரசு வருமானத்துக்காக வைத்திருக்கும் நிலமா என்று உறுதி செய்யுங்கள். மாநில நிலமாக இருந்தால் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அடுத்தது அளவு. கைப்பேசியின் ஜி.பி.எஸ். நன்றாக வேலை செய்யும்போதே பல அடி தள்ளிக் காட்டும், நீங்கள் தாண்டப் போவதோ ஒரு புள்ளியை. அந்த மிசூரிக்காரர்கள் நில அளவைக் குறியைக் கண்டுபிடித்து, அதன் மேலாகத்தான் தாண்டினார்கள். மூலையில் உலோகத் தலையோடு பதித்த அந்த அளவைக் கல் கண்ணில் படவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். போவதற்கு முன் அந்தப் பகுதி வனவிலங்கு அதிகாரிக்கும் ஷெரீஃப் அலுவலகத்துக்கும் போன் போட்டு, இந்த மூலையை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வழக்கில் ஜெயிப்பது வேறு, வழக்கே இல்லாமல் வீட்டுக்கு வருவது வேறு. கொலராடோவில் தனியார் நிலத்துக்குப் பலகையோ வேலியோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை, எல்லை தெரிந்துகொள்வது வேட்டைக்காரன் பொறுப்பு. அனுமதியில்லாமல் தனியார் நிலத்தில் வேட்டையாடினால் உங்கள் உரிமக் கணக்கில் 20 குற்றப் புள்ளி ஏறும். 20 புள்ளி சேர்ந்தால் உரிமம் நிறுத்தப்படலாம். மாநிலங்களுக்கிடையே உடன்படிக்கை இருப்பதால் இங்கே போனால் மற்ற மாநிலங்களிலும் போகும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. எல்க் ஒன்று விழுந்தால் முதுகுச் சுமையாக நாலைந்து நடை வேண்டும். அத்தனை நடையும் அந்த ஒரு புள்ளி வழியாக, பெரும்பாலும் இருட்டில். அடிபட்ட மிருகம் வேலி தாண்டிப் பண்ணைக்குள் போய் விழுந்தால், அதை எடுக்கவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அவரோ உங்கள் மேல் ஏற்கெனவே கோபத்தில் இருப்பார். என்னைக் கேட்டால் இந்த அக்டோபரில் அந்த மூலையை விட்டுவிடுவேன்.

நீங்கள் ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். மேற்கே 13 மாநிலங்களில் மத்திய அரசு நிலம் மட்டும் 95.2 லட்சம் ஏக்கர், சட்டப்படி போய்ச்சேரப் பொதுப் பாதை இல்லாமல் கிடக்கிறது என்று 2018-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அதில் வயோமிங்கில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல். 2025 ஜூனில் பொது நிலத்தில் இருபது, முப்பது லட்சம் ஏக்கரை விற்க செனட்டில் ஒரு திட்டம் வந்தபோது நாடெங்கும் வேட்டைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பண்ணைக் கேட்டில் பூட்டு தொங்கும்போது அப்படி யாரும் எழுவதில்லை. நிலம் அரசுக் கணக்கில் அப்படியே இருக்கும், ஒரு சென்ட்கூடக் குறையாது.

சரி, எங்கே போவது? முதலில் கையில் இருக்கும் டேக், அதாவது எல்க்குக்கான உரிமச்சீட்டு, எந்த யூனிட்டுக்கு (வேட்டைப் பகுதிக்கு) என்று பாருங்கள். அந்த யூனிட்டுக்கு வெளியே நான் எவ்வளவு நல்ல இடம் சொன்னாலும் பயனில்லை. கொலராடோவில் மத்திய அரசு நிலம் சுமார் 2.4 கோடி ஏக்கர், மோஃபட் கவுண்டியில் பி.எல்.எம். நிலம் தாராளம். பண்ணைப் பாதையில் ஆறு வருடம் வண்டியிலேயே போனவர் நீங்கள். இப்போது கவுண்டிச் சாலையிலிருந்து இரண்டு மைல் நடக்கத் தயாரென்றால் இடம் கிடைக்கும். வரைபடத்தில் நிலத்தைத் தேடாதீர்கள். சாலையைத் தேடி, சாலை தொடும் நிலத்தைப் பாருங்கள். மாநில அறக்கட்டளை நிலம் 28 லட்சம் ஏக்கர் இருந்தாலும் மற்ற மாநிலங்களைப் போல இங்கே அது தானாகத் திறந்ததல்ல. வனவிலங்குத் துறை குத்தகைக்கு எடுத்த பகுதிகளில் மட்டுமே நுழையலாம், பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாநில வனவிலங்குப் பகுதிகளுக்கு உங்கள் வேட்டை உரிமமே நுழைவுச்சீட்டு.

‘ராஞ்சிங் ஃபார் வைல்ட்லைஃப்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது, நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டதேயில்லை. குறைந்தது 12,000 ஏக்கர் உள்ள பெரிய பண்ணைகள் அதில் சேர்ந்து, குலுக்கலில் டேக் விழுந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் கதவைத் திறக்க வேண்டும். கொலராடோவாசிகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். குலுக்கலுக்கு வசந்த காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதனால் அடுத்த வருடத்துக்குக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

புது உரிமையாளரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சீசனுக்கு முந்தின நாள் அல்ல, கோடையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. காளை எல்க்கைக் கேட்காதீர்கள், அதற்காகத்தான் வேட்டை நிறுவனம் பணம் கொடுக்கிறது. பெண் எல்க்கைக் கேளுங்கள். பனிக்காலத்தில் கூட்டமாக வந்து வைக்கோலைத் தின்று வேலியை முறிப்பவை அவைதான், லீஸ்காரருக்கு அவற்றால் லாபமில்லை. சீசன் கடைசியில் தனியார் நிலத்துக்கென்றே பெண் எல்க் உரிமங்களும் உண்டு. சம்மதித்தால் இந்த முறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு.

கடைசியாக எச்-1பி நண்பர். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். உங்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பிடிப்பதும் அதில் அடங்கும். ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி முடித்தால்தான் உரிமம் கிடைக்கும், அதனால் அவர் இப்போதே வகுப்பில் சேரட்டும். எல்க் டேக் அந்த சீசனோடு முடிந்துவிடும். ஆகவே சிறு விலங்குகளுக்கான ஆண்டு உரிமத்தையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். அது மார்ச் 31 வரை செல்லும். ஏப்ரல் 1 காலையில் புது உரிமம் கையில் இல்லாமல் துப்பாக்கி மட்டும் அவர் வீட்டில் இருக்கக் கூடாது. தோட்டாப் பெட்டியும்தான்.